குத்துவாளை அவள் எப்போது பார்த்தாள்? செவ்வியல் நாடகங்களை எழுந்து நின்று படிப்பது பற்றி

ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. "யாரங்கே?" நள்ளிரவு, கடுங்குளிர், கோட்டை மதில்மேல் காவல். வகுப்பில் உட்கார்ந்து வாசித்தால் இந்த வரியில் பெரிதாக ஒன்றும் தெரியாது, இருட்டில் ஒரு காவலாளி யாரென்று கேட்கிறான், அவ்வளவுதான், அடுத்த வரிக்குப் போய்விடுவோம். இரண்டு மாணவர்களை எழுப்பி நிறுத்திப் பாருங்கள். ஒருவன் ஃபிரான்சிஸ்கோ, ஏற்கெனவே காவலில் நிற்பவன். இன்னொருவன் பெர்னார்டோ, அவனை மாற்றிவிட வருபவன். சரி, தொடங்குங்கள் என்று சொன்ன சில விநாடிகளிலேயே இருவரும் திணறி நிற்பார்கள். யாரென்று அதட்ட வேண்டியவன் காவலில் நிற்பவன்தானே, புத்தகத்தில் வருகிறவன் அல்லவா கேட்கிறான்! அச்சுப்பிழையோ என்று பக்கத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். பிழை இல்லை. அடுத்த வரியிலேயே ஃபிரான்சிஸ்கோ, "இல்லை, நீ எனக்குப் பதில் சொல், நில், யாரென்று காட்டு" என்று திருப்பிக் கேட்கிறான். அப்படியானால் வருகிறவன் ஏன் முந்திக்கொண்டான்? பயத்தில். எதற்குப் பயம்? முந்தைய இரண்டு இரவுகளும் அதே இடத்தில் ஆவியைப் பார்த்தவன் அவன். அது நமக்குப் பிறகுதான் தெரியவரும், ஆனால் அந்தப் பயம் நாடகத்தின் முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்கள் நடந்த பொது அரங்குகள் நடுவில் கூரையற்றவை, ஆட்டம் பிற்பகல் வெளிச்சத்தில். நள்ளிரவைக் காட்ட விளக்கை அணைக்க வழியில்லை. எதிரில் நிற்பவனை அடையாளம் தெரியாமல் ஒருவன் அதட்டினால் அதுதான் இருட்டு, பார்ப்பவர்கள் வெயிலில் நின்றுகொண்டே அதை இரவென்று நம்ப வேண்டும். இதையெல்லாம் ஆசிரியர் விளக்கிச் சொல்லலாம், மாணவர்களும் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த இரண்டு பேரும் தாங்களாகவே முட்டி மோதி, "சார், ஆள் மாறிப்போச்சே" என்று கேட்டார்கள் பாருங்கள், அந்தக் கேள்வி எந்த நோட்டிலும் கிடைக்காது.

நாடகப் பாடத்தை நடித்துப் படிப்பது என்றதும் பலருக்கு ஆண்டுவிழாதான் நினைவுக்கு வருகிறது. ஒட்டுத்தாடி, வேஷம், மைக், நன்றாகப் பேசக்கூடிய நாலு பேர், கைதட்ட மீதிப் பேர். நான் சொல்ல வருவது வேறு. வகுப்பறைக்குள்ளேயே மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இருபது முப்பது வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, குரலாலும் உடம்பாலும் அவற்றைச் சோதித்துப் பார்ப்பது. பார்வையாளர் வேண்டாம், மனப்பாடம் வேண்டாம், கையில் தாள் இருக்கலாம். பாடம் கசக்கிறது என்பதற்காகத் தடவுகிற தேன் என்று இதை நினைப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நாடகம் ஒன்றை உண்மையில் படிப்பதென்றால் இப்படித்தான் படிக்க முடியும் என்றே நம்புகிறேன். காரணம், நாடகப் பிரதி என்பது பாதி எழுதப்பட்ட ஒன்று. மீதிப் பாதி யார் எங்கே நிற்கிறார்கள், யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், எப்போது பேசாமல் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது, அதை நிரப்பாமல் பொருள் முழுசாகக் கைக்கு வராது.

ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர் கையில் பொதுவாக முழு நாடகம் இருக்காது. அவருக்கு உரிய வசனங்கள் மட்டும், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் எதிராளி பேசி முடிக்கிற கடைசி ஒன்றிரண்டு சொற்கள், இவ்வளவையும் எழுதி நீளமான காகிதச் சுருளாகக் கொடுப்பார்கள். இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிற 'ரோல்' என்ற சொல்லே சுருள் என்ற பொருளிலிருந்து வந்ததுதான். எட்வர்ட் ஆலன் என்ற புகழ்பெற்ற நடிகர், ராபர்ட் கிரீனின் நாடகம் ஒன்றில் ஆர்லாண்டோவாக நடித்தபோது வைத்திருந்த சுருள் லண்டனில் டல்லிச் கல்லூரியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அந்தக் குழுக்கள் கிட்டத்தட்ட தினமும் வேறு வேறு நாடகம் போட்டவை, வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்க நேரமே கிடையாது. ஆகவே நடிகருக்கு வேண்டிய குறிப்புகளை எல்லாம் வசனத்துக்குள்ளேயே வைத்துத்தான் எழுதியாக வேண்டியிருந்தது. புத்தகமாகப் படிக்கப்படும் என்ற எண்ணத்தில் எழுதியவை என்றும் சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியர் 1616-இல் இறந்தார், ஏழு வருடம் கழித்து 1623-இல்தான் அவரோடு நடித்த ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் இருவரும் 36 நாடகங்களைத் திரட்டி ஒரே தொகுப்பாக வெளிக்கொண்டுவந்தார்கள். அவற்றில் 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சேறியதே இல்லை. மேக்பெத் அதில் ஒன்று, ஜூலியஸ் சீசரும் அதில் ஒன்று. இன்று பாடநூலில் இருக்கும் இந்த இரண்டும் நடிகர்களின் கைத்தாளாக மட்டுமே இருந்தவை என்பதை நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனால் நமக்கே அணுகுமுறை மாறிவிடும்.

அந்தச் சுருள் முறையை வகுப்பில் அப்படியே செய்து பார்க்கலாம், செலவில்லாத பயிற்சி. ஒரு சின்னக் காட்சியை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தன் வசனமும் அதற்கு முந்தைய மூன்று சொற்களும் மட்டும் உள்ள தாளைக் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் எவ்வளவு நேரம் பேசுவார், என்ன சொல்வார் என்று தெரியாது. அதனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். முழுப் புத்தகமும் கையில் இருக்கும்போது, தன் முறை எப்போது வரும் என்று விரலை வரியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அதே பிள்ளைகள் இப்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். உரையாடல் என்றால் கேட்பதும்தான் என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த நாடகங்கள் கனம் அதிகம் என்று ஒரு தயக்கம் இருக்கிறது. ஆனால் அன்றைய இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் பெண்கள் நடிக்கவில்லை. ஜூலியட்டையும் போர்ஷியாவையும் லேடி மேக்பெத்தையும் முதலில் பேசியவை பையன்களின் குரல்கள். ஜூலியட்டுக்கு நாடகத்திலேயே பதினான்கு நிறையவில்லை. அதற்கும் முன்னால் அங்கிருந்த பள்ளிகளில் டெரன்ஸ், பிளாட்டஸ் ஆகியோரின் லத்தீன் நாடகங்களை மாணவர்கள் நடித்தும் மொழி கற்றார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கு 1560-இல் எலிசபெத் அரசி காலத்தில் வகுத்த விதிகளிலேயே ஆண்டுதோறும் நாடகம் போட வேண்டும் என்று இருந்தது. மேடைக்கு வந்து நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசப் பழகுவது அன்று கல்வியின் ஒரு பகுதி. நாம் புதுமை என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் பழைய வழக்கம், இடையில் விட்டுப்போனது.

விட்டுப்போனதற்குக் காரணம் தேர்வுதான் என்பது என் கணிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில இலக்கியம் எழுத்துத் தேர்வுக்கு உரிய பாடமாகிறது, அருஞ்சொற்பொருளும் அடிக்குறிப்புமாகப் பள்ளிப் பதிப்புகள் வருகின்றன, பாடம் மேடையை விட்டு மேசைக்கு வந்து அங்கேயே தங்கிவிடுகிறது. இதை எதிர்த்த குரல்களும் சீக்கிரமே எழுந்தன. கேம்பிரிட்ஜில் பெர்ஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஹென்றி கால்ட்வெல் குக், சிறுவர்களை வைத்து ஷேக்ஸ்பியரை வகுப்பு நேரத்திலேயே நடிக்கச் செய்தார். அதற்கென்று பள்ளிக்குள் ஒரு சின்ன அரங்கையே அமைத்துக்கொண்டார், 1917-இல் தன் முறையை விரிவாக எழுதி வெளியிட்டார். ஒரு தனி ஆசிரியரின் ஆர்வம் என்று அது ஓரமாகப் போய்விட்டது. பிறகு 1986-இல் அதே கேம்பிரிட்ஜில் ரெக்ஸ் கிப்சன் பள்ளிகளுக்கான ஷேக்ஸ்பியர் திட்டத்தைத் தொடங்கினார், அதிலிருந்து வந்த பள்ளிப் பதிப்புகளின் அமைப்பே அவர் நினைத்ததைச் சொல்லிவிடும்: வலப்பக்கம் நாடகம், இடப்பக்கம் செய்து பார்க்க வேண்டியவை. அமெரிக்காவில் வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகம் 1980-களிலேயே ஆசிரியர்களுக்கு இந்த வழியில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்திருந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற இங்கிலாந்து நாடகக் குழு 2008-இல் ஓர் இயக்கமாகவே கிளம்பி மூன்று கோரிக்கைகளை வைத்தது: எழுந்து நின்று செய்யுங்கள், மேடையில் நேரடியாகப் பாருங்கள், சின்ன வயதிலேயே தொடங்குங்கள். நடிகர்கள் ஒத்திகை அறையில் என்ன செய்கிறார்களோ அதையே வகுப்பறையில் செய்வது, இதுதான் அவர்கள் முறையின் சாரம். ஒத்திகை அறையில் யாரும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு வருவதில்லை, இயக்குநருக்கே தெரியாது, எல்லோரும் சேர்ந்து வரியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள்.

சரி, தட்டிப் பார்ப்பது என்றால் என்ன? ஒரு காட்சியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மேக்பெத், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. அரசன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் இறங்கி வருகிறான், கீழே மனைவி காத்திருக்கிறாள். கொலை மேடையில் நடக்கவில்லை, நமக்குத் தெரிவது இந்த இருவரும் மட்டும். "ஏதாவது பேசினீர்களா?" "எப்போது?" "இப்போதுதான்." "இறங்கி வரும்போதா?" "ஆமாம்." வசனம் இவ்வளவுதான், பாதிக்குமேல் ஒற்றைச் சொற்கள். பாடநூலில் இந்த இடத்துக்குப் பொழிப்புரை எழுதவே விஷயம் கிடையாது. நான் ஒரு வகுப்பில் இதைச் செய்தபோது இரண்டு மாணவிகள் முதலில் சாதாரணமாக வாசித்தார்கள், தொலைபேசியில் பேசுவதைப் போல இருந்தது. அப்புறம், அறைக்கு வெளியே ஆள் நடமாட்டம் இருக்கிறது, யாருக்கும் கேட்கக் கூடாது, ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்கிறது என்று சொன்னேன். கிசுகிசுக்க வேண்டும், ஆனால் பத்தடி தள்ளிக் கேட்க வேண்டும். மூச்சு வேகமாகிவிட்டது. ஒருத்தி பேசி முடிக்குமுன் மற்றவள் பேசினாள். இதைத்தான் அந்த வரிகள் கேட்கின்றன. ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரியில் பொதுவாகப் பத்து அசைகள், அந்த ஒரு வரியையே உடைத்து இரண்டு பேருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற வழக்கம் இந்த நாடகங்களில் நிறைய உண்டு. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தாளம் தப்பாமல் பிடிக்க வேண்டும். யாப்பு என்று தனி வகுப்பு எடுக்காமலே அது காதில் விழுந்துவிட்டது.

இனிதான் முக்கியமான இடம். அதே காட்சியில் முப்பது வரிகளுக்கும் மேல் போன பிறகு லேடி மேக்பெத் கேட்கிறாள்: "இந்தக் குத்துவாள்களை ஏன் அங்கிருந்து எடுத்து வந்தீர்கள்?" அவை அங்கேயே, தூங்கும் காவலர்களின் பக்கத்திலேயே கிடக்க வேண்டும், பழி அவர்கள்மேல் விழ வேண்டும் என்பது திட்டம். உட்கார்ந்து வாசிக்கும் வகுப்பில் இந்த வரி எந்தச் சலனமும் இல்லாமல் கடந்துபோகும். நின்று நடிக்கும் வகுப்பில் ஒரு மாணவி நிறுத்தி, "இவ்வளவு நேரமாக அவன் கையில்தானே இருக்கிறது, இவள் இப்போதுதான் பார்க்கிறாளா?" என்று கேட்பாள். கேட்டே தீர வேண்டும், ஏனென்றால் மேக்பெத்தாக நிற்கும் பையன் இரண்டு அளவுகோல்களைக் கத்தியாகப் பிடித்துக்கொண்டு அவள் கண்முன்னால் நிற்கிறான். அதற்கு முன்பே அவன் தன் கைகளைப் பார்த்து, எவ்வளவு பரிதாபமான காட்சி என்று சொல்லியும் ஆயிற்று.

எங்கள் வகுப்பு இதற்கு மூன்று வழிகள் கண்டுபிடித்தது. ஒரு குழு, மேக்பெத் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிறான் என்றது. அப்படி நடித்துப் பார்த்தால் அவன் மறைக்கிறான், அவளிடம்கூட அவனுக்கு வெட்கம் இருக்கிறது. இன்னொரு குழு, இருட்டு, அதனால் தெரியவில்லை என்றது. அதையும் நடித்தோம். அவள் அவன் பக்கத்தில் வந்து தொட முயலும்போதுதான் இரும்பு கையில் படுகிறது, அந்த வரி அலறலாக வந்தது, நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது குழுவில் அதிகம் பேசாத ஒரு பெண், அவள் முதலிலேயே பார்த்துவிட்டாள், அவன் உடைந்து போயிருக்கிறான், அதனால் அவனை நிதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று பொறுத்திருக்கிறாள் என்றாள். மூன்றும் பிரதியில் உள்ள சொற்களோடு முரண்படவில்லை. மூன்றிலும் லேடி மேக்பெத் வேறு வேறு ஆள். ஒன்றில் ஏமாற்றப்பட்டவள், ஒன்றில் அவளும் நடுங்குகிறாள், ஒன்றில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு நடத்துகிறவள். "லேடி மேக்பெத்தின் பாத்திரப் படைப்பை விளக்குக" என்ற கேள்விக்கு அன்று வகுப்பு கண்டுபிடித்ததைவிட நல்ல விடையை நான் எந்த வழிகாட்டி நூலிலும் பார்த்ததில்லை.

இதில் ஆசிரியர் செய்த வேலை என்ன என்று கவனியுங்கள். எந்த வழி சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும், "அதற்கு எந்த வரி சாட்சி?" என்று மட்டும் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி இல்லையென்றால் நடிப்பு வெறும் விளையாட்டாகிவிடும். எழுந்து நடித்தபின் மறுபடி உட்கார்ந்து பிரதியைப் பார்ப்பது, பார்த்ததை வைத்து மறுபடி எழுவது, இந்தப் போக்குவரத்துதான் பாடம். நடிப்போடு நின்றுவிட்டால் சத்தம்தான் மிஞ்சும்.

தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. பழைய ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு, இன்றைய ஆங்கிலத்தில் அது போய்விட்டது. அதனால் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய 'நீ' வெறும் பழஞ்சொல்லாகத்தான் கேட்கும், இதில் மரியாதைக் குறைவு இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது. லியர் அரசன் முதல் காட்சியில் கடைசி மகள் கார்டீலியாவை விரட்டுகிறான், பிரபு கெண்ட் குறுக்கே வருகிறார், மரியாதையாகத்தான் தொடங்குகிறார், அரசரே, என் தலைவரே என்கிறார். லியர் கேட்கவில்லை. உடனே கெண்ட், "கிழவா, நீ என்ன செய்யப் பார்க்கிறாய்?" என்கிறார். ஊரே கூடியிருக்கும் சபையில், முடிசூடிய அரசனைப் பார்த்து! இதைத் தமிழில் ஒரு மாணவன் உரக்கச் சொல்லட்டும், வகுப்பு அப்படியே மூச்சை அடக்கும். யார் யாரை எப்போது நீ என்கிறார், எந்த இடத்தில் மாறுகிறது என்று காட்சி முழுவதையும் பென்சிலால் குறிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு 'நீ'க்கும் ஒரு அடி முன்னால் போ, ஒவ்வொரு 'நீங்கள்'க்கும் ஒரு அடி பின்னால் வா என்று நடக்கவிட்டால் அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்பது தரையிலேயே வரைபடமாகத் தெரியும். மொழிபெயர்ப்பில் படிக்கிறோமே என்று குறைபட வேண்டியதில்லை, இந்த ஒரு விஷயத்தில் மொழிபெயர்ப்பு மூலத்துக்கு இன்றைய ஆங்கிலத்தைவிட நெருக்கமாகப் போகிறது.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சில காட்சிகளுக்கு ஐம்பது பேர் இருந்தால்தான் நல்லது. ஜூலியஸ் சீசரில், சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸும் சீசரின் நண்பன் ஆண்டனியும் ரோம் மக்கள் முன்னால் பேசுகிற காட்சி. புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், அளந்து, நியாயத்தை அடுக்கி. ஆண்டனி செய்யுளில் பேசுகிறான். மொத்த வகுப்பும் ரோம் மக்கள், கூட்டத்தின் வசனங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் போதும். புரூட்டஸ் பேசி முடித்ததும் அவனுக்குச் சிலை வைப்போம் என்று கத்துகிறவர்கள், ஆண்டனி பேசப் பேச, சற்று நேரத்தில் அதே புரூட்டஸின் வீட்டைக் கொளுத்தக் கிளம்புகிறார்கள். கத்தியது நாம்தான். அதற்கு அடுத்த சின்னக் காட்சியை உடனே செய்துவிட வேண்டும், இடைவேளை விடக் கூடாது: சின்னா என்ற கவிஞன் தெருவில் வருகிறான், சதிகாரர்களில் ஒருவனுக்கும் அதே பெயர், நான் கவிஞன் சின்னா, சதிகாரன் சின்னா இல்லை என்று அவன் எவ்வளவு சொல்லியும் கூட்டம் விடவில்லை, மோசமான கவிதைக்காகக் கிழித்துப் போடுங்கள் என்கிறது. இதைச் செய்து முடித்ததும் சத்தம் தானாக அடங்கிவிடும். எந்த வரியில் நீ ஆண்டனி பக்கம் சாய்ந்தாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். 'புரூட்டஸ் மதிப்புக்குரிய மனிதர்' என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லும்போது எத்தனையாவது முறையில் அந்தச் சொல் உனக்குப் புளித்தது? விடைகள் ஆளுக்கு ஆள் மாறும், அவை எல்லாமே அந்தப் பேச்சின் கட்டுமானத்தைப் பற்றிய விமர்சனங்கள்.

ஷேக்ஸ்பியரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மற்றவற்றுக்கும் இது பொருந்தும். கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ஆன்டிகனியில் பதினைந்து பேர் கொண்ட கோரஸ், அதாவது சேர்ந்து பேசிப் பாடும் குழு, உண்டு, வகுப்பில் அதைச் சேர்ந்து பேசவைத்தால் ஊர் என்ன நினைக்கிறது, எப்போது அரசன் பக்கத்திலிருந்து நகர்கிறது என்பது குரலிலேயே புலப்படும். காளிதாசரின் சாகுந்தலத்தில் அரசன் துஷ்யந்தன் சமஸ்கிருதம் பேசுகிறான், சகுந்தலையும் தோழிகளும் பிராகிருதம் பேசுகிறார்கள், இதை மாணவர்கள் தங்கள் மொழியில் மேடைத்தமிழும் பேச்சுத்தமிழுமாகப் பிரித்துக்கொண்டு செய்து பார்த்தால் இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் சட்டென்று தெரியும். முதல் அங்கத்தில் அவளை ஒரு வண்டு துரத்துகிறது, மேடையில் வண்டு கிடையாது, நடிப்பவளின் கண்ணும் கழுத்தும்தான் வண்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் நடிக்கிறாள் என்று குறிப்பிலேயே இருக்கிறது. சாமான்களே தேவைப்படாத மேடைக்கு எழுதியவை இவை. மேசை நாற்காலியை நகர்த்திவிட்டால் வகுப்பறைக்குள் தாராளமாக அடங்கும்.

இனி எங்கெல்லாம் இது கெட்டுப்போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கே எப்போதும் பெரிய பாத்திரம் போவது. ஒரு பாத்திரத்தை ஐந்து பேர் மாறி மாறிச் செய்வதால் ஒன்றும் குறைந்துவிடாது, சொல்லப்போனால் ஐந்து ஹேம்லெட்டுகள் இருந்தால்தான் ஒப்பிட முடியும். வெட்கப்படும் பிள்ளையை இழுத்து நடுவில் நிறுத்துவதும் தவறு. உறைந்து நிற்கும் சிலைக் காட்சி, கூட்டத்தோடு சேர்ந்து பேசுவது, கதவு தட்டும் சத்தம் கொடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. மேக்பெத் காட்சியில் கடைசியில் கதவு தட்டப்படும், அதை மேசையில் தட்டுகிற மாணவன்தான் அந்த இடத்தில் மொத்தக் காட்சியின் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறான், இரண்டு நடிகர்களும் அவன் கைக்கு நடுங்குகிறார்கள். தொடுவது, தள்ளுவது, அடிப்பது வரும் இடங்களில் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டுதான் செய்ய வேண்டும், வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது வெறுப்பைப் பேசும் காட்சிகள். நான் படித்த பள்ளியில் வெனிஸ் நகர வணிகனின் நீதிமன்றக் காட்சியை வாரக்கணக்கில் வாசித்தோம், யூத வட்டிக்காரன் ஷைலாக்கைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை மனப்பாடம் செய்தோம், அவனை யூதன் யூதன் என்று அந்தச் சபை இழிவுபடுத்துவதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஒரு வகைத் தவறு. நடிக்க வைக்கிறேன் என்று ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி வகுப்பே சேர்ந்து ஏசுவது அதைவிடப் பெரிய தவறு, பிறப்பைச் சொல்லி ஏசப்பட்ட அனுபவம் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்திருக்கலாம், நமக்கு எப்படித் தெரியும்? இங்கே நான் செய்வது, ஷைலாக்கின் வரிகளை வகுப்பு முழுவதும் பேசுவது. ஏச்சு வரும் வரிகளை ஒருவரும் ஒருவரைப் பார்த்துப் பேசாமல், தாளைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் வாசிப்பது. கத்தாமல் வாசிக்கும்போதுதான் அந்தச் சொற்கள் எவ்வளவு கொடியவை என்று தெரிகிறது. கடனுக்கு ஈடாக வணிகனின் சதையை வெட்ட ஷைலாக் கத்தியைத் தீட்டுகிற இடத்துக்குக்கூட அந்தக் காட்சியில் வசனத்தில்தான் சாட்சி இருக்கிறது, ஏன் இவ்வளவு மும்முரமாகத் தீட்டுகிறாய் என்று வணிகனின் நண்பன் பஸ்ஸானியோ கேட்பதால்தான் நமக்கே தெரியும். அவன் தீட்டும்போது மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள், யார் அவனுக்கு முதுகைக் காட்டுகிறார்கள் என்பதை வகுப்பு முடிவுசெய்யட்டும். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

நேரம் போதாது என்பது எப்போதும் வருகிற மறுப்பு. முழு நாடகத்தையும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஹேம்லெட்டின் முழுப் பிரதி ஏறக்குறைய நாலாயிரம் வரி, அதை வெட்டாமல் போடும் குழுக்கள் அபூர்வம். கதையை ஆசிரியர் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், மாணவர்கள் அதைப் பத்துச் சிலைக் காட்சிகளாகச் செய்துவிடலாம். அதன்பின் நாலைந்து இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆழமாகப் போக வேண்டும். எந்த இருபது வரி என்று தேர்ந்தெடுப்பதுதான் ஆசிரியருக்கு வீட்டில் இருக்கிற உண்மையான வேலை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பது வசனத்திலிருந்து உடனே தெரியாமல், ஆனால் தேடினால் கிடைக்கும்படி இருக்க வேண்டும். நீளமான தத்துவப் பேச்சுகளைவிட இப்படிப்பட்ட உடைந்த, குழப்பமான இடங்கள்தான் வகுப்புக்கு ஏற்றவை.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. குத்துவாள் காட்சியைச் செய்த வகுப்புக்கு ஒரு மாதம் கழித்து அதே நாடகத்திலிருந்து எழுத்துத் தேர்வு வைத்தேன். யாரும் வரிகளை மனப்பாடம் செய்யச் சொல்லப்படவில்லை, ஆனாலும் பலர் அந்த உடைந்த வசனங்களை அப்படியே எழுதியிருந்தார்கள், சிலர் "கைகளைப் பின்னால் வைத்திருந்தால்" என்று தொடங்கி வாதம் செய்திருந்தார்கள். அதன்பிறகு பதிவு செய்யப்பட்ட மேடை நிகழ்ச்சிகளில் இரண்டை எடுத்து அதே காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். முதலாவதில் லேடி மேக்பெத் அவன் வந்தவுடனேயே கைகளைப் பார்த்துவிடுகிறாள். பின்வரிசையிலிருந்து, "அப்படியானால் ஏன் கேட்க இவ்வளவு நேரம்?" என்று ஒரு குரல் வந்தது. அதிகம் பேசாத அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "நான் சொன்னேன்ல, காத்திருக்கிறாள்" என்றாள். இரண்டாவதைப் போடுவதற்குள் பாதி வகுப்பு எழுந்து நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது, மணி அடித்தும் போகவில்லை.